சூட்டுத் திடலுக்கு இடம் தேடும் கொலராடோ

பொதுமக்கள் துப்பாக்கி சுட்டுப் பழகுவதற்கென ஒரு திடலை அமைப்பதற்கு ஐக்கிய அமெரிக்காவில் பணம் பெரிய தடையல்ல. 1937ஆம் ஆண்டின் பிட்மன்-ரொபர்ட்சன் சட்டத்தின் கீழ், நீளத் துப்பாக்கிகள் மற்றும் ரவைகள் மீது அறவிடப்படும் 11 சதவீதத் தீர்வை, வனஜீவராசிகளின் பாதுகாப்புக்காக மாநிலங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டு வருகின்றது. 1970இல் கைத்துப்பாக்கிகள் மீதான 10 சதவீதத் தீர்வையும் இதனுடன் சேர்ந்தது. 2019 மே மாதத்தில் செய்யப்பட்ட திருத்தத்தின் மூலம், பொதுத் திடல் ஒன்றை அமைக்கும் செலவில் மாநிலம் ஏற்க வேண்டிய பங்கு 25 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. பணம் இருந்தும் காணி கிடைப்பதில்லை என்பதே அங்குள்ள சிக்கலாகும்.

இதற்கு நல்ல உதாரணம் கொலராடோ மாநிலமாகும். ரொக்கி மலைத்தொடரின் கிழக்குச் சரிவில் டென்வர், போல்டர், போர்ட் கொலின்ஸ் ஆகிய நகரங்கள் வேகமாக வளர்ந்துள்ளன. அவற்றின் கொல்லைப்புறமாக அரபாஹோ-ரூஸ்வெல்ட் தேசிய வனம் அமைந்துள்ளது. எமது வாசகர்களுக்கு வியப்பாக இருக்கலாம். தடை விதிக்கப்படாத இடமாயின் தேசிய வனத்தினுள் எவரும் சென்று குறி வைத்துச் சுட்டுப் பழகலாம். குடியிருப்பு, முகாமிடும் இடம் போன்றவற்றிலிருந்து 150 யார் தூரத்திற்குள் சுடக் கூடாது, வீதிக்குக் குறுக்கே சுடக் கூடாது என்பன போன்ற சில விதிகள் உண்டு. ஆனால் 150 யார் என்பது ஏறத்தாழ 137 மீற்றர்தான். மிகச் சிறிய .22 ரகச் சன்னமே 2 கிலோ மீற்றருக்கு அப்பால் செல்லக் கூடியது. வேட்டைத் துப்பாக்கியின் சன்னம் 4 கிலோ மீற்றரையும் தாண்டும். 2015 ஜூலையில், இவ்வனத்துக்குத் தெற்கேயுள்ள பைக் தேசிய வனத்தில் குடும்பத்தினருடன் முகாமிட்டிருந்த ஒருவர் எங்கிருந்தோ வந்த சன்னத்திற்குப் பலியானார்.

இத்தகைய நிலையிலேயே போல்டர், லரிமர், கில்பின், கிளியர் கிரீக் ஆகிய நான்கு கவுண்டிகளும், சமஷ்டி அரசாங்கத்தின் வன சேவையும், மாநில வனஜீவராசிகள் திணைக்களமும் ஒன்றிணைந்து, முறையான திடல்களுக்கு ஏற்ற இடங்களைத் தேட முற்பட்டன. தேடலின் நிபந்தனைகள் ஒன்றோடொன்று முரண்படுபவை. சன்னங்களைத் தாங்கிக் கொள்ள பின்புறத்தில் இயற்கையான குன்று வேண்டும். இல்லையேல் 15 முதல் 20 அடி உயரத்திற்கு மண் அணை எழுப்ப வேண்டும். கண்ணில் வெயில் படாதிருக்க வடக்கு நோக்கிச் சுடுவதே உகந்தது. பனிக்காலத்திலும் வாகனம் செல்லக் கூடிய பாதை அவசியம். அம்புலன்ஸ் வண்டி விரைவில் வந்து சேர வேண்டும். இடம் வெகுதொலைவில் இருந்தால் எவரும் அங்கு போகமாட்டார்கள், பழைய காட்டிலேயே சுடுவார்கள். அண்மையில் இருந்தாலோ 140 டெசிபலுக்கு மேற்பட்ட வெடியொலி வீடுகளை எட்டும். ஒலி பின்புறத்தை விட முன்புறமே அதிகம் பரவுவதால், திடலின் திசையும் இடையிலுள்ள மலையும் தூரத்தைப் போலவே கணக்கில் எடுக்கப்பட வேண்டியவை.

நிலத்தின் தன்மையும் முக்கியமானது. சன்னங்களிலுள்ள ஈயம் அமிலத்தன்மையுள்ள மண்ணில் கரைந்து நீரில் கலக்கும். ஆதலால் மண்ணின் பிஎச் அளவை 6.5க்கும் 8.5க்கும் இடையில் பேண வேண்டும், சுண்ணாம்பு இட வேண்டும், காலத்திற்குக் காலம் ஈயத்தை அகழ்ந்தெடுத்து மீள்சுழற்சிக்கு அனுப்ப வேண்டும் என அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் 2001ஆம் ஆண்டிலேயே வழிகாட்டியுள்ளது. ஓடைக் கரையோ சதுப்பு நிலமோ இதற்கு உதவாது. தீயும் ஓர் அபாயமாகும். உருக்கு அல்லது முழுச் செம்பாலான சன்னங்கள் பாறையில் மோதிச் சிதறும்போது காய்ந்த சருகைப் பற்ற வைக்கலாம் என்பதை வன சேவையின் ஆய்வாளர்கள் 2013இல் எடுத்துக் காட்டினர். அதற்கு முந்திய வருடம் யூட்டா மாநிலத்தில் குறி வைத்துச் சுட்டோரால் மூண்ட தீயின் காரணமாக ஆயிரக்கணக்கானோர் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது.

இவை அனைத்தும் பொருந்தும் ஓரிடம் கிடைத்தாலும் அயலவர்கள் எதிர்க்கின்றனர். அவர்களைச் சுயநலவாதிகள் என்று ஒதுக்குவது நியாயமாகாது என்றே நாம் கருதுகின்றோம். கொலராடோ உட்படப் பெரும்பாலான மாநிலங்களில், இயங்கி வரும் திடலுக்கு எதிராக ஒலித் தொல்லையைக் காட்டி வழக்குத் தொடுப்பதைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் உள்ளன. திடல் வந்த பின்னர் நிவாரணம் பெறுவது அரிது என்பதை அறிந்தவர்கள், வருவதற்கு முன்பே தடுக்க முனைவது இயல்பே. சுடும் நேரம், மூடும் நாட்கள், ஈயம் அகற்றும் பொறுப்பு ஆகியவற்றை முற்கூட்டியே எழுத்தில் தராத எந்தச் சபையும் அவர்களது சம்மதத்தை எதிர்பார்க்க முடியாது.

காணியை முற்கூட்டியே ஒதுக்கியவர்களும் உண்டு. அரிசோனாவின் பீனிக்ஸ் நகருக்கு வடக்கே பாலைநிலத்தில் அமைந்துள்ள பென் ஏவரி திடல் சுமார் 1,650 ஏக்கர் கொண்டது. 1950களில், வீடுகள் அப்பக்கம் வருவதற்கு வெகுகாலம் முன்னரே தொடங்கப்பட்டது. லாஸ் வேகாஸ் நகருக்கு வடக்கே சுமார் 2,900 ஏக்கர் சமஷ்டிக் காணியைத் திடலுக்கென கிளார்க் கவுண்டிக்கு வழங்க 2002இல் சட்டம் இயற்றப்பட்டது. கொலராடோவின் மலைச் சரிவுகளில் அத்தகைய வெற்று நிலம் இல்லை. கிளியர் கிரீக் கவுண்டியில் டெவில்ஸ் நோஸ் என்னுமிடத்தில் திடல் ஒன்று உருவானது. அப்படியொன்று அமையாத பகுதிகளில், கைவிடப்பட்ட கற்குழிகளிலும் காட்டுப் பாதையோரங்களிலும், மேற்பார்வையோ மண் அணையோ இன்றிச் சுடுகின்றனர்.