பலாக் கட்டை

பலாக் கட்டை, ஆர்ட்டோகார்ப்பஸ் ஹெட்டரோஃபில்லஸ் என்னும் தாவரப் பெயர் கொண்ட பலா மரத்திலிருந்து கிடைக்கும் நடுத்தரக் கடினமுள்ள வெப்பமண்டல மரம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் இயல்பாக வளரும் பலா, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பெரும்பாலும் வீட்டுத் தோட்ட மரமாகவே இருக்கிறது. பழத்துக்காக வளர்க்கப்பட்டு, முதிர்ந்து காய்ப்புக் குறைந்த பிறகே பல மரங்கள் தச்சரிடம் வருகின்றன.

புதிதாக அறுத்த கட்டையின் நடுவிலுள்ள வைரப்பகுதி பளிச்சென்ற மஞ்சளாக இருக்கும். வெளிச்சமும் காற்றும் பட்டு நாளடைவில் செம்பழுப்பாகக் கறுக்கும். வைரத்தைக் கறையான் எளிதில் தீண்டாது. வெளிறிய புறப்பகுதிக்கு அந்தக் காப்பு கிடையாது. அது விரைவில் உளுத்துப்போகும் என்பதால் நல்ல வேலைக்கு நீக்கப்படுகிறது. உலர்ந்த கட்டையின் எடை கன மீட்டருக்கு ஏறத்தாழ 600 கிலோ. உளிக்கு இணங்கும், ஆனால் இழை பின்னியிருக்கும் இடங்களில் இழைப்புளி நாரைப் பிய்த்துவிடும். மெருகு நன்றாக ஏறும்.

நிலை, கதவு, கட்டில், அலமாரி ஆகியவற்றுக்கும் தஞ்சாவூர் ஓவியங்களின் பலகைக்கும் பலா பயன்பட்டாலும், அதன் புகழ் இசைக்கருவிகளால் வந்தது. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் வீணை பலாவில்தான் செய்யப்படுகிறது. ஒலிப்பெட்டியான குடமும் கழுத்தான தண்டியும் ஒரே கட்டையில் குடையப்பட்டால் அது ஏகாண்ட வீணை. தனித்தனியே செய்து பொருத்தினால் ஒட்டு வீணை. மிருதங்கம், தவில் ஆகியவற்றின் கட்டையும் பலாவே. மிருதங்கத்தில் தாழ்ந்த சுருதிக்கு ஏறத்தாழ 24 அங்குலக் கட்டையும், உயர்ந்த சுருதிக்கு 22 அங்குலக் கட்டையும் குடைவர். கோயில் மணியோசை கேட்டு வளர்ந்த பலாவுக்கு நாதம் மிகுதி என்ற நம்பிக்கை உண்டு. ஆனால் ஒலியைத் தீர்மானிப்பவை கட்டையின் முதிர்ச்சியும் ஈரம் வற்றிய அளவும் குடைந்த சுவரின் கனமுமே.

வைரத்துக்கு மஞ்சள் நிறம் தரும் பொருள்களுள் ஒன்று மோரின். தென்கிழக்கு ஆசியாவில் வைரச் சீவலைக் கொதிக்கவைத்து இறக்கிய சாயத்தில் பௌத்தத் துறவிகளின் ஆடைகளைத் தோய்ப்பது பழைய வழக்கம். தச்சுப் பட்டறையின் கழிவே இதற்குப் போதும்.

இலங்கையில் பலா உணவு மரமாகவும் மதிக்கப்படுவதால், 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, சொந்தத் தோட்டத்துப் பலாவை வெட்டுவதற்கும் அனுமதி பெற வேண்டும்.