இரு பாறைகளுக்கிடையே ஒரு கிழங்கு

அரணுக்குரிய உறுப்புகளுள் மலையையும் ஒன்றாக எண்ணினார் வள்ளுவர். பகைவர் புகவொண்ணாத மலை நாட்டைக் காக்கும் என்பது பண்டைய அரசியல் நெறி. காக்கும் மலையே நாட்டை அடைத்து வைக்கவும் கூடும் என்பதற்கு நேபாளத்தின் வரலாறு சான்றாகும்.

வடக்கே இமயம், அதற்கப்பால் சீன ஆட்சிக்குட்பட்ட திபெத். ஏனைய மூன்று திசைகளிலும் இந்தியா. கடற்கரை என்பது அந்நாட்டிற்கு இல்லை. 1768இல் காத்மாண்டுவைக் கைப்பற்றிய கோர்க்கா மன்னர் பிருதிவி நாராயண் ஷா, தம் இறுதிக் காலத்து அறிவுரையில், தம் நாட்டை இரண்டு பாறைகளுக்கிடையே அமைந்த கிழங்கிற்கு உவமித்தார். வடக்குப் பேரரசோடு நட்புப் பேணவும், தெற்கில் வளர்ந்துவந்த ஆங்கிலேயரிடம் விழிப்போடிருக்கவும் வலியுறுத்தினார். அவர் மறைந்து நாற்பது ஆண்டுகள் கழிவதற்குள் அவரது அச்சம் மெய்யாயிற்று. 1814 முதல் 1816 வரை நடந்த போரின் முடிவில், சுகௌலி உடன்படிக்கைப்படி காளி ஆற்றுக்கு மேற்கிலிருந்த குமாவோனும் கட்வாலும் கைவிட்டுப் போயின. எனினும் நாடு பிழைத்தது. 1923இல் அதன் விடுதலையைப் பிரித்தானியா முறைப்படி ஏற்றது.

இருபதாம் நூற்றாண்டில் இடர் வேறு வடிவில் வந்தது. நேபாளத்தின் கடல்வழி வாணிகம் பெரும்பாலும் ஏறத்தாழ 700 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கொல்கத்தாத் துறைமுகத்தையே நம்பியிருந்தது. 1989 மார்ச்சில் இந்தியாவுடனான வாணிக, போக்குவரத்து உடன்படிக்கைகள் காலாவதியாயின. இரண்டு வழிகள் நீங்கலாக எல்லை வாணிக வாயில்கள் மூடப்பட்டன. எரிபொருளின்றி வாடிய மக்கள் விறகுக்காகக் காடுகளை நாடினர். 2015 ஏப்ரலில் நிலநடுக்கம் ஏறத்தாழ 9,000 உயிர்களைக் கொண்டது. அவ்வாண்டு செப்டம்பரில் புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்ததும் எல்லையில் சரக்குந்துகள் மீண்டும் நின்றன. இந்தியாவே தடுத்தது என்றது நேபாளம். மாதேசிகளின் உள்நாட்டுப் போராட்டமே காரணம் என்றது இந்தியா. வழக்கு எவ்வாறாயினும், வீடிழந்தோர் எரிவாயுவும் மருந்தும் போதாமல் அக்குளிர்காலத்தைக் கழித்தனர்.

இத்துயரமே நேபாளத்தை வடக்கு நோக்கித் திருப்பியது. 2016இல் சீனாவுடன் போக்குவரத்து உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 2019இல் அதன் நெறிமுறை நான்கு சீனத் துறைமுகங்களைப் பயன்படுத்த இசைவளித்தது. ஆனால், அத்துறைமுகங்கள் மலைகடந்து பல்லாயிரம் கல் தொலைவில் உள்ளன. 1967இல் திறக்கப்பட்ட கோடாரி நெடுஞ்சாலையின் எல்லை வாயிலோ நிலநடுக்கத்திற்குப் பின் 2019 வரை மூடிக் கிடந்தது. அதே 2019இல் இந்தியாவின் மோதிஹாரியிலிருந்து அம்லேக்கஞ்சிற்கு எண்ணெய்க் குழாய் திறக்கப்பட்டது. விருப்பம் வடக்கே செல்லலாம். வயிற்றுக்கும் அடுப்புக்கும் வழி தெற்கேதான்.

கடலில்லா நாடுகளுக்குக் கடலை அடையும் உரிமை உண்டென 1982ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடற்சட்ட உடன்படிக்கை கூறுகிறது. அதே உடன்படிக்கை, அதற்கான முறைகளை இடைவழி நாட்டோடு பேசி முடிவு செய்யுமாறும் விதிக்கிறது. ஆகவே உரிமை ஏட்டில் இருக்க, திறவுகோல் அண்டை நாட்டின் கையில் இருக்கிறது. பிருதிவி நாராயண் ஷா அஞ்சியது படையெடுப்பை. அவர் வழிவந்தோர் அஞ்ச வேண்டியிருப்பது, எல்லையில் அசையாது நிற்கும் ஒரு சரக்குந்தை.