ஆவணம் எழுதியோர் குடும்பம்: நாகூர் முதல் ஜொகூர் வரை ஒரு வழித்தடம்

மலேசியத் தமிழர் வரலாற்றை எழுத முற்படுவோர் பெரும்பாலும் தோட்டம், கோயில், பள்ளி, சங்கம் ஆகியவற்றின் வரலாறாகவே அதனை எழுதி வந்துள்ளனர். ஒரு தனிக் குடும்பத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து சென்று எழுதும் முறை நம்மிடையே அரிதாகவே காணப்படுகிறது. சான்றுகள் இல்லை என்பதே இதற்குப் பொதுவாகக் கூறப்படும் காரணம். சான்றுகள் இல்லையா, அல்லது அவற்றை நாம் தேடும் இடம் பொருந்தவில்லையா என்பதை இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம். இதற்கு நாம் எடுத்துக்கொண்டது, நாகூரில் வேர்விட்டு மலாக்காவிலும் சிங்கப்பூரிலும் வளர்ந்து ஜொகூர் அரசுப் பணியில் நிலைபெற்ற முன்ஷி அப்துல்லாவின் குடும்பமாகும்.

நிலப் பதிவும் நீதிமன்றப் பதிவும் ஒரு குடும்பத்தை எவ்வளவு தூரம் காட்டவல்லவை என்பதற்கு அமெரிக்கக் குடியேற்றக் கால எடுத்துக்காட்டு ஒன்றை முதலில் நோக்குவோம். 1621 இல் வர்ஜீனியாவிற்குக் கப்பலில் கொண்டுவரப்பட்ட ஓர் ஆப்பிரிக்கர் தொடக்ககாலப் பதிவுகளில் 'அந்தோனியோ' என்று மட்டுமே குறிக்கப்படுகிறார். பின்னர் அவரே அந்தோனி ஜான்சன் என்னும் பெயருடன் நிலவுடைமையாளராகக் காட்சி தருகிறார். 1651 இல் ஐந்து பேரைக் குடியேற்றியதற்கான உரிமையாக 250 ஏக்கர் பெறுகிறார். 1653 இல் அவரது பண்ணை தீப்பற்றியதையும், அதனால் அவருடைய மனைவிக்கும் மகள்களுக்கும் வரிவிலக்கு அளிக்கப்பட்டதையும் நார்த்தாம்டன் வட்டார நீதிமன்றம் பதிந்து வைத்தது. 1655 இல் ஜான் கேசர் என்னும் பணியாளைத் தமக்கே உரியவன் என அவர் வழக்காடி வென்றார். அடிமைநிலை சட்டத்தில் வேரூன்றிய கதையில் அவ்வழக்கு ஒரு கசப்பான இடத்தைப் பெற்றுவிட்டது. 1665 அளவில் குடும்பம் மேரிலாந்துக்குப் பெயர்ந்தது. 1670 இல் அவர் மறைந்தபின், அவர் கருப்பினத்தவர் ஆதலால் அந்நியரே எனக் கூறி, வர்ஜீனியாவில் அவர் விட்டுச்சென்ற நிலம் அரசுக்குரியது என நடுவர் குழு ஒன்று முடிவு செய்தது. 1677 இல் அவருடைய பேரன் வாங்கிய 44 ஏக்கர் நிலத்திற்கு 'அங்கோலா' எனப் பெயரிட்டான். அக்குடும்பத்தார் எழுதிய நாட்குறிப்போ கடிதமோ இன்றி இத்தனையும் தெரியவருகிறது. பிரீன், இன்னெஸ் ஆகிய இருவரும் 1980 இல் வெளியிட்ட ஆய்வு இப்பதிவுகளைக் கொண்டே எழுந்தது. நிலத்தை வைத்திருந்ததும் வழக்காடியதும் அக்குடும்பத்தைக் காப்பாற்றி வைத்தன எனலாம்.

இம்முறையை நம் நாட்டில் அப்படியே பொருத்த இயலுமா? இங்கு இருவகை நிலப்பதிவு முறைகள் நிலவியதை ஆய்வாளர் முதலில் மனங்கொள்ள வேண்டும். நீரிணைக் குடியேற்றங்களில் ஆங்கிலேயப் பத்திர முறை வழங்கியது. ஒரு மனையை விற்பவர் தமக்கு அது எவ்வாறு வந்தது, அதற்கு முன் யாரிடம் இருந்தது என்பதை அடுக்கிக் கூறியாக வேண்டும். தந்தை, விதவை, மைத்துனன், கடன் கொடுத்தவர் எனப் பலரும் அதனுள் வந்து போவர். தமிழகத்தில் வில்லங்கம் பார்த்துப் பழகியவர்க்கு இது புதிதன்று. ஜொகூரிலோ 1910 ஆம் ஆண்டு நிலச் சட்டத்திற்குப் பின் டோரன்ஸ் முறை வந்தது. பதிவேட்டில் உள்ள பெயரே உரிமைக்குச் சான்று. பின்னோக்கிச் சென்று உரிமையை மெய்ப்பிக்க வேண்டிய தேவை இல்லை. நிலம் வாங்குவோர்க்கு இது பெரும் நன்மை. குடும்பத்தைத் தேடுவோர்க்கு இழப்பு. பெயரும் எண்ணும் தேதியும் கிடைக்கும், உறவுக்கதை கிடைக்காது. இதற்கு ஒரு விலக்கு உண்டு. சிறு சொத்துகள் (பகிர்வு) சட்டம், 1955 இன்படி நில அலுவலகத்தில் நடைபெறும் 'பூசாக்கா' விசாரணைகளில் வாரிசுகள் அனைவரும் பெயர் சொல்லிக் குறிக்கப்படுகின்றனர். தம் குடும்ப வரலாற்றை எழுத விழையும் மாணவர்க்கு ஆசிரியர்கள் முதலில் காட்ட வேண்டியது இக்கோப்புகளையே என்பது நமது கருத்து.

இனி அப்துல்லாவின் குடும்பத்திற்கு வருவோம். 1849 இல் சிங்கப்பூரில் கல்லச்சில் வெளிவந்த 'ஹிக்காயாட் அப்துல்லா' என்னும் தன்வரலாறு இக்குடும்பத்திற்கான முதன்மைச் சான்று. அதனை எழுதுமாறு தூண்டியவர் ஆல்பிரட் நார்த் என்னும் அமெரிக்கச் சமயப் பணியாளர் என்பது ஒரு சுவையான செய்தி. அந்நூலின்படி, அப்துல்லாவின் பாட்டனாரின் தந்தை ஷேக் அப்துல் காதிர் யேமன் நாட்டு அரபியர். சமயமும் மொழியும் கற்பித்தவர். கிழக்கு நோக்கி வந்தவர் நாகூரில் தங்கி அங்கேயே மணம் புரிந்தார். அவர்தம் புதல்வர் நால்வருள் முகம்மது இப்ராகிம் மலாக்காவிற்கு வந்து பெரியாச்சி என்பவரை மணந்தார். பெரியாச்சி ஷேக் மீரா லெப்பையின் மகள். அவர்களுக்குப் பிறந்தவர் அப்துல் காதிர். அவருடைய மகன் அப்துல்லா. அப்துல்லாவின் மகன் முகம்மது இப்ராகிம்.

இப்பெயர் வரிசையைச் சற்று நின்று நோக்க வேண்டும். ஜான்சன் என்னும் குடும்பப் பெயர் மூன்று தலைமுறைக்கும் மாறாது நின்றதால் வர்ஜீனிய ஆய்வாளர் எளிதில் தொடர முடிந்தது. இங்கே குடும்பப் பெயர் இல்லை. தந்தையின் பெயர் மகனுக்கு அடையாளமாகி, அடுத்த தலைமுறையில் மறைந்துவிடுகிறது. ஆயினும் பாட்டன் அப்துல் காதிரின் பெயர் பேரனுக்கு வந்துள்ளது. அவ்வாறே முகம்மது இப்ராகிம் என்னும் பெயரும் அப்துல்லாவின் மகனிடம் மீண்டும் தோன்றுகிறது. 'பேரன்' என்னும் சொல்லே 'பெயரன்' என்பதன் மரூஉ என்பதை இங்கு நினைவுகூரலாம். இரண்டு அப்துல் காதிர்களையும் இரண்டு முகம்மது இப்ராகிம்களையும் ஒருவராகக் கருதிவிடும் இடர் ஆய்வாளர்க்கு உண்டு. பெயர் திரும்ப வரும் முறையை அறிந்தவர்க்கோ அதுவே வழிகாட்டியும் ஆகும். ஜாவி எழுத்தில் எழுதப்பட்ட ஒரு மலாய் நூலுக்குள் 'பெரியாச்சி' என்னும் தமிழ் விளி ஒரு பெண்ணின் பெயராகவே நின்றுவிட்டதும் சிந்திக்கத்தக்கது.

இக்குடும்பத்தாரின் தொழில் எழுத்து. அப்துல் காதிர் விண்ணப்பங்களையும் உரிமைப் பத்திரங்களையும் பிறருக்காக எழுதிக் கொடுத்தவர். தந்தை வீட்டில் இல்லாத ஒரு நாளில், கப்பல் தலைவர் ஒருவர் சீன வணிகரிடம் பெற்ற சரக்குக்குக் கடன்பத்திரம் எழுதுவிக்க வந்ததையும், அனுபவமற்ற சிறுவனாகிய தாம் துணிந்து அதனை எழுதிக் கொடுத்ததையும் அப்துல்லா விரிவாகக் கூறுகிறார். கண்டிப்பு மிக்க தந்தை அதன்பின் அவ்வேலையை மகனிடமே ஒப்படைக்கத் தொடங்கினார். வழக்கொன்று எழுமாயின் நீதிமன்றத்தில் முதலில் வைக்கப்படுவது இத்தகைய கடன்பத்திரமே. ஆனால் அதனைப் படிப்போர் கடன் வாங்கியவரையும் கொடுத்தவரையும் பார்க்கின்றனரே அன்றி, எழுதியவரைப் பார்ப்பதில்லை.

அப்துல்லா தமிழ் கற்றதையும் இத்தொழிலோடு இணைத்தே காண வேண்டும். மலாக்காவில் நற்குடிப் பிறந்த பிள்ளைகள் தமிழ் கற்பது முன்னோர் காலம் முதல் வழக்கமாக இருந்தது என்றும், கணக்குப் பார்ப்பதற்கும் வணிகரோடு உரையாடுவதற்கும் அது பயன்பட்டது என்றும் அவர் குறிப்பிடுகிறார். தமிழ் அங்கு வீட்டு மொழியாக மட்டும் இன்றிக் கணக்கு மொழியாகவும் இருந்தது என்பதற்கு இதனினும் தெளிவான உள்ளூர்ச் சான்றினை நாம் கண்டதில்லை.

நிலத்தைப் பற்றியும் அவர் பேசுகிறார். 1822, 1823 ஆம் ஆண்டுகளில் சிங்கப்பூர் ஆற்றங்கரை மனைகள் ஏலம் விடப்பட்டபோது, நான்கைந்து மனைகளை எடுத்துக்கொள்ளுமாறு ராஃபிள்ஸ் அவரிடம் கூறினாராம். ஆயிரம் வெள்ளிக்கு மேல் விலை போகும் மனைக்குத் தம்மிடம் பணம் ஏது என அஞ்சி அவர் விலகினார். பணத்தைப் பற்றிப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று ராஃபிள்ஸ் சிரித்துக்கொண்டே சொல்லியும் அவர் துணியவில்லை. அத்தயக்கத்தை எண்ணிப் பின்னாளில் வருந்தியதையும் மறைக்காமல் எழுதியுள்ளார். அன்று ஏலம் எடுத்தவர்களின் வழிவந்தோரைப் பத்திரங்களில் தேடலாம். அப்துல்லாவின் வழியினரை அவ்விடத்தில் தேடுவது வீண். நிலப்பதிவில் ஒருவர் ஏன் இல்லை என்பதை அவரே எழுதி வைத்திருப்பது அரிய பேறு அன்றோ!

1854 இல் மக்கா பயணத்தின்போது அப்துல்லா மறைந்தார். 1840 இல் பிறந்த அவருடைய மகன் முகம்மது இப்ராகிம் முன்ஷி, அபூபக்காரின் ஆட்சியில் ஜொகூர் அரசுப் பணியில் சேர்ந்து டத்தோ பெந்தாரா டாலாம் என்னும் பதவி வரை உயர்ந்தார். 1871, 1872 ஆம் ஆண்டுகளில் தாம் மேற்கொண்ட பயணங்களை அவர் எழுதினார். அந்நூல் 1919 இல் அச்சேறியது. ஜொகூர் அக்காலத்தில் எழுத்தால் ஆளப்படும் அரசாக உருமாறிக் கொண்டிருந்தது. 1844 முதல் சீனக் கங்சூக்களுக்கு வழங்கப்பட்ட 'சூராட் சுங்கை' என்னும் ஆற்றுரிமைப் பத்திரங்கள் ஜாவியில் எழுதப்பட்டன. 1895 இல் எழுதப்பட்ட அரசியல் சட்டமும் வந்தது. கடன்பத்திரம் எழுதிய மலாக்காக் குடும்பம் இவ்வாறு அரசின் எழுத்துப் பணிக்கு வந்து சேர்ந்தது. நாகூரின் நினைவு ஜொகூரில் 'முன்ஷி' என்னும் பட்டத்தளவில் சுருங்கியது. அப்பட்டமும் தமிழன்று.

அப்துல்லாவைத் தமிழர் என உரிமை கொண்டாடுவோரும், நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்று கூறி அத்துடன் நிறுத்திக்கொள்வோரும் ஒரே பிழையைச் செய்வதாக நமக்குத் தோன்றுகிறது. இருசாராரும் அவருடைய சொல்லை மட்டுமே நம்புகின்றனர். பாட்டனாரைப் பற்றி அப்துல்லா கூறுவன, குடும்பத்தில் வாய்வழி வந்து, 1840களில் எழுத்தில் அமைந்த செய்திகள். மலாக்காவின் டச்சுக்கால நீதிமன்ற, அனாதையர் வாரியப் பதிவுகளுள் பெரும் பகுதி இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலகத் தொகுதியில் உள்ளது. நோர்டின் ஹுசின் போன்றோர் அவற்றைக் கொண்டு மலாக்காவின் வணிகச் சமூகத்தை விளக்கியுள்ளனர். ஆனால் டச்சு எழுத்தர் காதால் கேட்டு எழுதிய 'லெப்பை', 'மரைக்காயர்', 'ஆச்சி' ஆகியவற்றை அடையாளம் காணத் தமிழறிவு வேண்டும். அப்பணி இந்தியவியல், தமிழாய்வுத் துறையினர்க்கு உரியது.

சோழர்காலக் கல்வெட்டுகளில் நிலக்கொடையின் இறுதியில் கையெழுத்திட்டோர் வரிசை 'இவை இன்னார் எழுத்து' என வரும். கல்வெட்டாய்வாளர் அவ்வரியைத் தவிர்த்துச் செல்வதில்லை. மலாக்கா, சிங்கப்பூர், ஜொகூர் ஆவணங்களைப் புரட்டுவோரும் விற்றவர், வாங்கியவர் பெயர்களோடு நின்றுவிடாமல், கடைசி வரிக்குக் கீழே ஓரத்தில் சிறிய ஜாவி எழுத்திலோ தமிழ் எழுத்திலோ இடப்பட்டிருக்கும் சாட்சி, எழுத்தர் பெயர்களையும் படியெடுக்க வேண்டுகிறோம்.