உர மூட்டையின் வரலாறு

முலுண்டில் வாழும் நம்மவருள் தஞ்சையையும் நெல்லையையும் சொந்த ஊராகக் கொண்டோர் பலர். ஊர் வயலுக்கும் நாம் குடியேறிய இம்மாநகருக்கும் என்ன தொடர்பு என வினவுவோர்க்கு, அண்மையிலுள்ள செம்பூரே விடை கூறும். அங்கே டிராம்பே உர ஆலை 1965ஆம் ஆண்டு உற்பத்தியைத் தொடங்கிற்று. இரயில்வேயில் சரக்குக் கணக்கு எழுதும் நமக்கு உர மூட்டை பழகிய பொருள். அதன் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

பயிருக்கு இன்றியமையாதது நைட்ரஜன். காற்றில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு அதுவே. எனினும் நெற்பயிர் அதனைக் காற்றிலிருந்து நேரே கொள்ள இயலாது. நம் முன்னோர் ஆட்டுக்கிடை அமர்த்தியும், கொளுஞ்சியும் தக்கைப்பூண்டும் விதைத்து மடக்கி உழுதும் மண்ணுக்கு அதனை ஊட்டினர். 1909இல் ஜெர்மானிய அறிஞர் ஹாபர், காற்றின் நைட்ரஜனை ஹைட்ரஜனோடு சேர்த்து அம்மோனியா ஆக்கிக் காட்டினார். பாஷ் என்பார் 1913இல் அதனைப் பேராலைத் தொழிலாக்கினார். காற்றுக்கு விலையில்லை, ஹைட்ரஜனையோ எரிபொருளிலிருந்தே பெறவேண்டியிருந்தது. உழவும் எரிபொருளும் பிணைந்த கதை இதுவே.

நம் நாட்டில் ஆல்வாய் ஆலை 1947இல் விறகைக் கொண்டே உரம் செய்யத் தொடங்கிற்று. 1951இல் சிந்திரி நிலக்கரியை நாடிற்று. நெய்வேலி பழுப்பு நிலக்கரியை நாடிற்று. டிராம்பே, அருகிலிருந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் நாப்தாவையும் வாயுவையும் கொண்டது. 1970களில் எழுந்த மணலி, தூத்துக்குடி ஆலைகளும் நாப்தாவையே நம்பின. 1974இல் பம்பாய்க் கடலில் எண்ணெய் வளம் கண்டபின் எரிவாயு முதலிடம் பெற்றது.

இதனைக் குறை கூறுதல் நன்றியன்று. 1960களில் அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்நோக்கியிருந்த நாடு இது. தஞ்சையில் தீவிர வேளாண்மைத் திட்டம் புகுந்து, ஆடுதுறை 27 நெல்லும் யூரியாவும் பரவியபோது களஞ்சியம் நிறைந்தது. ஆயில் எஞ்சினும் டிராக்டரும் உடன் வந்தன. பசி தணிந்தது, ஆயின் உழவன் கை எண்ணெய்க் கிணற்றோடு கட்டுண்டது.

கட்டின் இறுக்கம் 1973இல் விளங்கிற்று. மேற்காசியாவில் போர் மூண்டது. சில திங்களில் எண்ணெய் விலை ஏறக்குறைய நான்கு மடங்காயிற்று. உர விலையும் உடன் ஏறிற்று. 1977இல் அரசு உர மானியத்திற்கு முறையான திட்டம் வகுத்தது. அன்றுமுதல் விலையேற்றத்தின் பெருஞ்சுமை உழவன் கண்ணுக்குப் புலப்படாது அரசின் கருவூலத்தில் தங்குகிறது. இன்றும் யூரியா ஆலைகளுக்கு வேண்டும் எரிவாயுவில் பெரும்பகுதி கப்பலேறியே வருகின்றது. 45 கிலோ மூட்டையில் நைட்ரஜன் ஏறத்தாழ 20 கிலோ. அதிலும் ஒரு பகுதியே பயிரைச் சேரும். எஞ்சியது நீரிலும் காற்றிலும் கழியும். இத்தனை அரிதாய் வந்த பொருளை அளவின்றி இறைப்பது முறையோ?

உரத்தை அறவே விடுக என்பது நம் கருத்தன்று. மூத்தோர் முறையை முற்றும் மறந்து, ஒரே கயிற்றில் தொங்குதல் அறிவுடைமை ஆகாது என்பதே கருத்து. ஆதலின் அன்பர்களே, விடுமுறையில் ஊர் செல்லும்போது, குத்தகை எவ்வளவு என்று மட்டும் கேளாது, “இவ்வாண்டு தக்கைப்பூண்டு விதைத்தீர்களா?” என்றும் கேட்போமாக. விதைச் செலவில் ஒரு பங்கையும் நாமே ஏற்போமாக. வயலை விட்டு வந்தோம். அதன் கவலையை விட்டு வரவில்லை.