பேர் எத்தனை? தோட்டத்துச் சம்பளக் கணக்கின் கதை

மலையகச் சம்பளப் போராட்டங்களைப் பற்றி முப்பது ஆண்டுகளாகச் செய்தி எழுதி வருகிறேன். எழுதிய தலைப்புகளை அடுக்கிப் பார்த்தால் அவற்றில் பெரும்பாலானவை ஒரே வகையானவை. ஒரு தொகை இருக்கும், அதனருகே ‘நாட்சம்பளம்’ என்ற சொல் இருக்கும். ஐந்நூறு, எழுநூறு, ஆயிரம், ஆயிரத்து எழுநூறு என்று அந்தத் தொகை மட்டும் மாறிக்கொண்டிருக்கும். அது கணக்கின் ஒரு பாதிதான் என்பதை எனக்கு உணர்த்தியவர் அட்டன் பக்கத்தில் ஓய்வுபெற்று வாழ்ந்த பெரிய கிளாக்கர் ஒருவர். வெள்ளைக்காரக் கம்பனியின் காலத்தில் வேலைக்குச் சேர்ந்து, அரசு நிர்வாகத்தைக் கடந்து, மீண்டும் கம்பனி வந்த காலத்தில் ஓய்வு பெற்றவர். 2016 ஒக்ரோபரில் கூட்டு ஒப்பந்தம் கைச்சாத்தான வாரத்தில் அவரைச் சந்திக்கப் போயிருந்தேன்.

“தம்பி, நீங்க பேப்பர்ல ரேட்டத்தான் போடுறீங்க. நாங்க எஸ்டிமேட்டுல பேர இல்ல போட்டோம்” என்றார்.

‘பேர்’ என்ற சொல்லை வெளியூர் வாசகர்களுக்காக விளக்க வேண்டும். காலையில் பிரட்டுக்களத்தில் வேலை பிரித்துக் கொடுக்கப்பட்டு, மாலையில் அந்த வேலை ஏற்றுக்கொள்ளப்பட்டால், செக்ரோலில் தொழிலாளியின் பெயருக்கு நேரே ஒரு நாள் பதிவாகும். அது ஒரு பேர். நிர்ணயித்த அளவு கொழுந்து நிறுக்காவிட்டால் அரைப் பேர். மாதச் சம்பளம் என்பது பேரின் எண்ணிக்கையை நாட்சம்பளத்தால் பெருக்கி வருவது. தோட்டத்தில் “இந்த மாசம் எத்தனை பேர்?” என்று கேட்டால் ஆட்களின் எண்ணிக்கையைக் கேட்பதாகப் பொருளல்ல.

புதிய கணக்காண்டு தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்னதாக ஒவ்வொரு தோட்டத்து ஆபீசிலும் எஸ்டிமேட் தயாராகும். வரும் ஆண்டில் சம்பளத்துக்கு எவ்வளவு பணம் வேண்டும் என்பதே அதன் பெரிய கேள்வி. தேயிலையின் உற்பத்திச் செலவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தொழிலாளர் செலவு என்று தோட்ட நிர்வாகங்களே சொல்லி வருகின்றன. ஆனால் கணக்கு சம்பளத்திலிருந்து தொடங்குவதில்லை, மலையிலிருந்து தொடங்குகிறது. எந்த மலை கவ்வாத்து வெட்டி எத்தனையாவது ஆண்டில் இருக்கிறது, அதிலிருந்து எவ்வளவு வரும் என்று மலை மலையாக எழுத வேண்டும். டிக்கோயா, மஸ்கெலியாப் பக்கத்தில் சித்திரை, வைகாசியில் கொழுந்து குவியும். தை, மாசியில் வரட்சி. நுவரெலியா உச்சியில் உறைபனி விழுந்தால் சில மலைகள் கருகிப் போகும். இவற்றையெல்லாம் கூட்டிக் கழித்து ஆண்டு விளைச்சலை மதிப்பிட்டு, ஒருவர் ஒரு நாளைக்குச் சராசரியாக எத்தனை கிலோ பறிப்பார் என்ற எண்ணால் அதை வகுத்தால், வேண்டிய பேர் வந்துவிடும். நாட்சம்பளம் அதற்குப் பிறகுதான் கணக்குக்குள் நுழைகிறது.

கிளாக்கர் ஒரு பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு தோட்டம் ஆண்டுக்கு ஓர் இலட்சம் கிலோ தேயிலைத் தூள் எதிர்பார்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ தூளுக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோவுக்குச் சற்று மேல் பச்சைக் கொழுந்து வேண்டும். 4 கிலோ 650 கிராம் என்றால் ஆண்டுக்கு 4,65,000 கிலோ கொழுந்து. ஆளுக்கு நாளொன்றுக்கு 18 கிலோ என்றால் 25,833 பேர். நாட்சம்பளம் 900 ரூபா என்றால் பறிப்புச் செலவு இரண்டு கோடி 32 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாவுக்கு முந்நூறு ரூபா குறைவு. இப்போது சம்பளம் ஆயிரமாக உயர்கிறது. நிர்வாகம் 18 கிலோவை 20 ஆக்குகிறது. பேர் 23,250 ஆகக் குறைகிறது. ஆயிரத்தால் பெருக்கினால் இரண்டு கோடி 32 இலட்சத்து 50 ஆயிரம். வெளியே நூறு ரூபா சம்பள உயர்வு. உள்ளே எஸ்டிமேட்டில் முந்நூறு ரூபா வித்தியாசம். “அந்த முந்நூறுக்கு ஒரு டீ பார்ட்டி வைக்கலாம்” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதுவரை நான் எழுதிய செய்திகள் எல்லாம் மனத்தில் ஓடின.

இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலான இழுபறியாகவே தோட்டச் சம்பளத்தின் வரலாற்றைப் படிக்கலாம். ஆரம்பத்தில் இரண்டுமே தொழிலாளியின் கையில் இல்லை. கங்காணி கொடுத்த முற்பணம் கடனாக ஏறியிருக்க, அந்தக் கடன் எழுதிய ‘துண்டு’ இல்லாமல் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக முடியாது. அந்தத் துண்டு முறை 1921இல்தான் ஒழிக்கப்பட்டது. பிறகு, இந்திய அரசின் நெருக்குதலால் 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தது. 1929இல் நடைமுறையான விகிதப்படி மலைநாட்டின் உயர்ந்த பகுதியில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். எஸ்டிமேட் எழுதுபவருக்கு இந்த வேறுபாடு பெரிய வசதி. கொழுந்து பறிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். விளைச்சலின் பெரும்பகுதி ஆணின் சம்பளத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு வந்து சேர்ந்தது. சட்டம் போட்ட அந்த விகிதமும் நிலைக்கவில்லை. உலகப் பெருமந்தத்தில் தேயிலை விலை சரிந்தபோது 1930களின் தொடக்கத்தில் சட்டத்தின் வழியாகவே சம்பளம் குறைக்கப்பட்டது. ‘குறைந்தபட்சம்’ என்ற சொல்லுக்கு அப்போது இருந்த பொருள் அவ்வளவுதான்.

1940 ஜனவரியில் ஹேவாஹெட்டப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் தொழிலாளர்கள் நாளுக்குப் 16 சதம் கூடுதலாகக் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். 10ஆம் திகதி பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். அடுத்த ஆண்டில் சம்பள நிர்ணய சபைகளுக்கான சட்டம் வந்தது. முல்லோயாவுக்காகவே அந்தச் சட்டம் வந்தது என்று மேடையில் பேசுகிறவர்கள் உண்டு. நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். ஆனால் கோவிந்தனின் பெயரைத் தவிர்த்து அந்தக் காலத்தை எழுத முடியாது.

1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. பெண்ணுக்கும் ஆணுக்கும் சம நாட்சம்பளம் கிடைக்க 1984 ஏப்ரல் வேலைநிறுத்தம் வேண்டியிருந்தது. 43 சதத்திலிருந்து அங்கு வர அரை நூற்றாண்டுக்கும் மேல். 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் 22 கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. அதன்பின் இலங்கை முதலாளிமார் சம்மேளனம் ஒருபுறமும், இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் உள்ளிட்ட தொழிற்சங்கங்கள் மறுபுறமுமாக அமர்ந்து ஈராண்டுக்கு ஒருமுறை கூட்டு ஒப்பந்தம் செய்யும் பழக்கம் நிலைபெற்றது. அந்த ஒப்பந்தத்தில் நாட்சம்பளத்தோடு ஆண்டுக்கு 300 நாள் வேலை என்ற உறுதியும் இருந்தது. அதாவது பேரைப் பற்றியும் ஒரு வரி இருந்தது. நாங்கள் செய்தியில் அதைப் பெரும்பாலும் கடைசிப் பத்தியில் போட்டோம். இடம் போதாவிட்டால் முதலில் வெட்டுப்படுவதும் அதுவே.

இந்த இடத்தில் கடல் கடந்த ஓர் ஒப்பீட்டுக்கு வாசகர்கள் அனுமதிக்க வேண்டும். அமெரிக்காவின் தொழில்முறை பேஸ்பால் அணிகளும் ஒவ்வொரு குளிர்காலத்திலும் அடுத்த பருவத்துச் சம்பளப் பட்டியலை மதிப்பிடுகின்றன. அங்கும் வீரர் சங்கத்துக்கும் உரிமையாளர்களுக்கும் இடையே கூட்டு ஒப்பந்தம் உண்டு. குறைந்தபட்சச் சம்பளமும் உண்டு: 2026ஆம் ஆண்டுக்கு ஏழு இலட்சத்து எண்பதாயிரம் டொலர். சில ஆண்டு அனுபவமுள்ள வீரருக்கும் அணிக்கும் உடன்பாடு வராவிட்டால், இருவரும் ஆளுக்கொரு தொகை எழுதிக் கொடுப்பார்கள். நடுவர் குழு அந்த இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும், நடுவில் ஒரு தொகையைச் சொல்ல முடியாது. ஆகவே அங்கே எண்ணிக்கை தெரியும், 26 பேர் கொண்ட அணி. ஒவ்வொருவருக்கும் என்ன தொகை என்பதே ஊகம். ஒப்பந்தம் உறுதியான வீரர் காயம்பட்டுப் படுத்திருந்தாலும் சம்பளம் போய்ச் சேரும். இங்கே நேர் எதிர். எல்லோருக்கும் ஒரே நாட்சம்பளம். எத்தனை நாள் என்பதே ஊகம். மழை பெய்து வேலை நின்றால் அந்த ஊகத்தின் நட்டம் பறிப்பவளுடையது.

2016 ஒப்பந்தத்துக்கு வருகிறேன். முந்தைய ஒப்பந்தம் 2015 மார்ச்சில் காலாவதியாகி, ஆயிரம் ரூபா கோரிக்கை எழுந்து, பதினெட்டு மாத இழுபறிக்குப் பின் ஒக்ரோபர் 18இல் கைச்சாத்தானது. 730 ரூபா என்று எல்லோரும் எழுதினோம். அதன் உள்ளே அடிப்படைச் சம்பளம் 500. வரவுக் கொடுப்பனவு 60. விலைப் பங்குக் கொடுப்பனவு 30. நிர்ணயித்த கிலோவை எட்டினால் உற்பத்தி ஊக்குவிப்பு 140. நிர்வாகம் வேலை கொடுத்த நாட்களில் 75 வீதம் வராதவருக்கு அந்த 60 இல்லை. கிலோ குறைந்தால் 140 இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நாலு நாள் லயத்தில் இருந்துவிட்ட தாய்க்கு 730 என்பது பத்திரிகையில் மட்டும் இருந்த தொகை. இன்னொன்று: முதலாளி செலுத்தும் ஊழியர் சேமலாப நிதி 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதி 3 வீதம், இரண்டும் 500க்குத்தான். 75 ரூபா. முழு 730க்கும் செலுத்தியிருந்தால் 109 ரூபா 50 சதம். ஒரு பேருக்கு 34 ரூபா 50 சதம், ஒருவரின் முதுமைக் காலச் சேமிப்பிலிருந்து எஸ்டிமேட்டுக்கு மிச்சமாயிற்று.

2018 ஒக்ரோபர் 24இல் மலையக இளைஞர்கள் கறுப்பு உடையில் காலிமுகத்திடலில் திரண்டு ஆயிரம் கேட்டார்கள். டிசம்பரில் வேலைநிறுத்தம். 2019 ஜனவரி 28 ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 500இலிருந்து 700 ஆனது. நாற்பது வீத உயர்வு என்று அறிவித்தார்கள். பொய்யில்லை. ஆனால் வரவுக் கொடுப்பனவும் உற்பத்தி ஊக்குவிப்பும் நீக்கப்பட்டு, விலைப் பங்கு 50 ஆனது. மொத்தம் 750. முழுக் கொடுப்பனவும் எடுத்து வந்தவருக்குக் கூடியது இருபது ரூபா. நிதிகளுக்கான பங்கையும் சேர்த்தால் முதலாளியின் செலவு 805இலிருந்து 855 ஆயிற்று. எனினும் இதில் நல்லதொன்று இருந்தது என்பதை நான் மறுக்கமாட்டேன். வராவிட்டால் வெட்டு, கிலோ குறைந்தால் வெட்டு என்ற கொக்கிகள் கழன்றன. சேமலாப நிதியின் அடித்தளமும் உயர்ந்தது. அந்த நாட்களில் இருபது ரூபாவைக் கேலி செய்து எழுதியவர்களில் நானும் ஒருவன். அடித்தளத்தைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருக்க வேண்டும்.

ஆயிரம் 2021 மார்ச்சில் வந்தது. கூட்டு ஒப்பந்தத்தின் வழியாக அல்ல, சம்பள நிர்ணய சபையின் முடிவும் வர்த்தமானி அறிவித்தலும் வழியாக: 900 அடிப்படை, 100 வரவு செலவுத் திட்ட நிவாரணப்படி. கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. கூட்டு ஒப்பந்தத்திலிருந்தும் விலகின. நாட்சம்பளத்தை அரசு தீர்மானித்தது. பேரைத் தீர்மானிக்கும் வரி ஒப்பந்தத்தோடு போயிற்று. கிலோ கூட்டப்பட்டது என்றும் வேலை நாட்கள் குறைந்தன என்றும் தோட்டம் தோட்டமாக முறைப்பாடுகள் கிளம்பின. கம்பனிகளின் வாதத்தையும் சொல்ல வேண்டும்: ஏல விலை கொழும்பில் தீர்மானமாகிறது, அது அவர்கள் கையில் இல்லை, பழைய மலைகளில் மறுநடுகை தடைப்பட்டு விளைச்சல் இறங்குகிறது. இவை உண்மைகளே. ஆனால் 1992இல் மூன்று இலட்சத்தைத் தாண்டியிருந்த கம்பனித் தோட்டத் தொழிலாளர் எண்ணிக்கை இன்று அதில் பாதிகூட இல்லை என்பதும் உண்மை. விளைச்சல் இருந்தும் பறிக்க ஆளில்லாத மலைகள் இப்போது எஸ்டிமேட்டில் புதிய தலைவலி.

2024 மேயில் 1,700 என்ற வர்த்தமானி வந்தது. ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ஆக முடிந்தது. 2025 நவம்பர் 7ஆம் திகதி சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம் அதை 1,550 ஆக்கவும், அதற்கு மேல் நாளொன்றுக்கு 200 ரூபா வரவுக் கொடுப்பனவை அரசே வழங்கவும் முன்மொழிந்தது. கம்பனித் தோட்டத்தின் நாட்சம்பளத்தில் திறைசேரியின் பணம். கிளாக்கர் உயிரோடு இருந்திருந்தால் அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று கேட்டிருப்பேன்.

அவரிடம் கடைசியாகப் பேசியது 2021 மே மாதத்தில், தொலைபேசியில். ஆயிரம் ரூபாச் சம்பளத்தோடு முதல் முழு மாதம் முடிந்திருந்தது. அவருடைய அயலில் கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தி சம்பளத் துண்டைக் கொண்டுவந்து வாசித்துக் காட்டச் சொன்னாளாம். கழிவுகள் போக வந்த தொகையை நான் விசாரித்தேன். அவர் அதைச் சொல்லவில்லை.

“பதினாலு பேர், தம்பி. அரைப்பேர் ரெண்டு” என்றார்.