கூரை மாறியது, நம்பிக்கையும் இடம் மாறியது

இந்த ஐப்பசி மழையில் எங்கள் வீட்டு மாடி ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. சென்ற ஆண்டு வரை கூடத்தில் மூன்று வாளி வைத்திருந்தோம். அந்தக் கதையைச் சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் வரலாறும் சொல்ல வேண்டும். வாத்தியார் புத்தி, பொறுத்துக்கொள்ளுங்கள்!

என் சிறு வயதில் எங்கள் ஊரில் பாதிக்கு மேல் கீற்றுக் கூரைதான். கோடையில் பிரித்து வேய்வார்கள். வேய்பவர் உள்ளூர்க்காரர். கூலியோடு சாப்பாடும் உண்டு. ஒழுகினால் மறுநாளே வாசலில் நிற்பார், ஏனென்றால் தினமும் நம் முகத்தில் விழிக்க வேண்டியவர். நாட்டு ஓடும் அப்படித்தான். குயவர் சக்கரத்தில் குழாய்போல வனைந்து, இரண்டாகப் பிளந்து, சூளையில் சுட்ட ஓடு அது. செய்தவரும் வேய்ந்தவரும் ஊரிலேயே இருந்தார்கள்.

1865-ல் பாசல் மிஷனைச் சேர்ந்த ஜெர்மானியர் பிளப்ஸ்ட் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினார். ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும், ஒரே அளவான ஓடு. பின்பக்கத்தில் கம்பெனியின் பெயர் அச்சாகியிருக்கும். அதுவரை ஆளை நம்பியவர்கள் முத்திரையையும் நம்பத் தொடங்கினார்கள்.

வசதியானவர்கள் 'மெட்ராஸ் டெரஸ்' போட்டார்கள். தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல்லைச் செங்குத்தாகச் சாய்வரிசையில் அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காய், வெல்லத் தண்ணீர் தெளித்து நாள்கணக்கில் கட்டையால் அடித்துக் கெட்டிப்படுத்துவார்கள். அதன்மேல் தட்டோடு. அவசரம் அந்த வேலைக்கு ஆகாது.

இப்போது கான்கிரீட். தவறு உள்ளே மறைந்துவிடும். தண்ணீர் இறங்கிக் கம்பி துருப்பிடித்து, உப்பி, காரை பெயர்ந்து விழும்போதுதான் தெரியும். அதற்குள் வேலை செய்தவர் எங்கேயோ!

எனக்கும் அதுதான் நடந்தது. விசிட்டிங் கார்டோடு வந்த ஒருவர் ரசாயனப் பூச்சு அடித்தால் போதும் என்றார். முழுப் பணமும் முன்கூட்டியே கொடுத்தேன். முதல் மழையிலேயே ஒழுகியது. போனை எடுக்கவே இல்லை.

அடுத்த முறை, மூன்று மழைக்காலத்துக்கு முன் மாடி வேலை செய்த வீடுகளைத் தேடிப்போய்க் கேட்டேன். நான்கு வீட்டில் ஒரே கொத்தனாரின் பெயரைச் சொன்னார்கள். அவர் வந்ததும் விலை சொல்லவில்லை. "ஒரு வாளி தண்ணி குடுங்க சார்" என்றார். மாடியில் ஊற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றார். தண்ணீர் கைப்பிடிச்சுவர் ஓரம் போய்த் தேங்கியது. வடிகுழாயின் வாய் தளத்தைவிட உயரத்தில் இருந்தது! பழைய தளத்தைக் கொத்தியெடுத்து, வாட்டம் கொடுத்து, தட்டோடு பதித்தார். இரண்டு நாள் தண்ணீர் கட்டிவைத்துக் காட்டினார். கூலியில் கால் பங்கு முதல் பெருமழைக்குப் பிறகுதான் என்றேன். சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். மழை விட்ட அன்று மாலையே வந்து கூடத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டார்.

நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடத்தின் கீற்றுக் கூரையில் தீப்பிடித்து 94 குழந்தைகள் போனார்கள். அன்று நானும் ஒரு கீற்றுக் கொட்டகையில்தான் இரண்டாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் பிள்ளைகளை மரத்தடியில் உட்கார வைத்தேன். அதன்பிறகுதான் பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை அகற்றச் சொல்லி அரசு உத்தரவு வந்தது. தலைக்கு மேலே இருப்பதை அன்றுவரை நான் சரியாக அண்ணாந்து பார்த்ததே இல்லை.

வீடு கட்டப்போகும் என் பிள்ளைகளே, கார்டைப் பார்க்காதீர்கள். அவர் பழைய வேலையைப் போய்ப் பாருங்கள். ஒழுகினால் திரும்பி வருபவரா என்று அந்த வீட்டாரிடம் கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்