ஆரணி வட்டாரத் தீவனப் பயிர்கள்: தட்டையிலிருந்து ஒட்டுப்புல் வரை

ஆரணி, திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் உள்ள ஊர். பட்டு நெசவுக்கும் அரிசி ஆலைகளுக்கும் பெயர் பெற்றது. இதைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் சிறு, குறு உழவர்களுக்குக் கறவை மாடு அன்றாட வருவாய் தருகிறது. இங்கு மாட்டுத் தீவனம் இருமுறை மாறியது. முதல் மாற்றம் நெல் சாகுபடி பரவியதன் பக்கவிளைவு. இரண்டாவது, அதனால் ஏற்பட்ட சத்துக்குறையை ஈடுகட்ட வந்தது.

பழைய தீவனம்

மானாவாரி நிலங்களில் கேழ்வரகு, கம்பு, சோளம், நிலக்கடலை ஆகியவை விளைந்தன. தானியம் வீட்டுக்கும் தட்டை மாட்டுக்கும் சென்றன. தீவனத்துக்கெனத் தனி நிலம் ஒதுக்கும் தேவை குறைவு. கடலைக்கொடி பயறுவகைச் செடி என்பதால் தட்டையைவிடப் புரதம் மிகுந்தது. செக்கிலிருந்து கடலைப் பிண்ணாக்கும் கிடைத்தது.

நெல்லும் வைக்கோலும்

1960களின் பிற்பகுதியில் ஐ.ஆர்.8 போன்ற குட்டை நெல் வகைகள் பரவின. கிணற்றுப் பாசனத்துக்கு மின்மோட்டார்கள் வந்தன. அப்போது ஆரணி வடாற்காடு மாவட்டத்தில் இருந்தது. 1973-74இல் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இம்மாவட்டச் சிற்றூர்களில் இந்த மாற்றத்தை ஆராய்ந்தனர். பி.எச். ஃபார்மர் பதிப்பித்த அவ்வாய்வு நூல் 1977இல் வெளிவந்தது.

சிறுதானியப் பரப்பு சுருங்கியதும் வைக்கோலே முதன்மைத் தீவனமானது. வைக்கோலில் புரதம் 3 முதல் 4 விழுக்காடு மட்டுமே. தீவனத்தில் ஏறத்தாழ 7 விழுக்காடு புரதம் இல்லையெனில் மாட்டின் முதல் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்கள் நார்ச்சத்தைச் சரிவரச் செரிக்க முடியாது. வைக்கோலிலுள்ள ஆக்சலேட், சுண்ணாம்புச் சத்து உடலில் சேர்வதையும் தடுக்கிறது. எனவே வயிறு நிறைந்த மாடும் மெலியும், பால் குறையும். நாட்டுமாடு ஓரளவு தாங்கியது. அதிகப் பால் தரும் கலப்பினப் பசு தாங்கவில்லை. அரிசி ஆலைத் தவிடும் பிண்ணாக்கும் இக்குறையை ஈடுசெய்தன. ஆனால் அவற்றைக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது.

ஒட்டுப்புல்

ஆப்பிரிக்காவைச் சேர்ந்த நேப்பியர் புல்லைக் கம்புடன் கலந்து இந்தியாவின் முதல் ஒட்டுப்புல் 1953இல் கோயம்புத்தூரில் உருவாக்கப்பட்டது. புல்லின் விளைச்சலும் கம்பின் மென்மையும் அதில் சேர்ந்தன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2008இல் கோ 4 வகையை வெளியிட்டது. கரணை நட்டு 75 முதல் 80 நாட்களில் முதல் அறுப்பு, பின்னர் 45 நாட்களுக்கு ஒருமுறை. எக்டேருக்கு ஆண்டுக்கு 380 டன் வரை பசுந்தீவனம் கிடைக்கும். இந்த விளைச்சல் முழுதாகக் கிடைத்தால், 10 சென்ட் நிலம் நாளுக்குச் சுமார் 40 கிலோ தரும்; அது இரண்டு பசுக்களுக்குப் போதும். ஆனால் ஆண்டு முழுவதும் நீர் வேண்டும்.

பயிர்த் தேர்வு

புல் மட்டும் போதாது. மூன்று வரிசைப் புல்லுக்கு ஒரு வரிசை வேலிமசால் நடுவது பரிந்துரைக்கப்படும் முறை. தட்டைப்பயறும் குதிரைமசாலும் புரதத்துக்கு ஏற்றவை. நீர் குறைந்த நிலத்துக்குக் கொழுக்கட்டைப்புல், முயல்மசால் பொருந்தும். வரப்பில் அகத்தியும் கிளைரிசிடியாவும் வளர்க்கலாம். பட்டுப்புழுவின் உணவான மல்பெரி இலையும் ஆடுமாடுகளுக்கு நல்ல புரதத் தீவனம். இளஞ்சோளத்தில் நச்சு உண்டு. பூத்த பின்னரே அறுக்க வேண்டும்.

நிலமே இல்லாதவர்கள் வைக்கோலை மேம்படுத்தலாம். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 65 லிட்டர் நீரில் கரைத்துத் தெளித்து, 21 நாள் காற்றுப் புகாமல் மூடி வைத்தால் புரத அளவு ஏறக்குறைய இருமடங்காகும். மூடியதைத் திறந்து ஆறவிட்ட பின்பே மாட்டுக்கு வைக்க வேண்டும், கன்றுகளுக்குக் கொடுக்கக்கூடாது.

ஒரு காலத்தில் உணவுப் பயிருடன் தானே வந்த தீவனத்துக்கு இன்று நிலமும் நீரும் ஒதுக்க வேண்டியுள்ளது. ஆகவே நெல்லுக்கு எவ்வளவு, புல்லுக்கு எவ்வளவு என்பதே இவ்வட்டாரச் சிறு உழவரின் முதன்மையான கணக்கு.